தீவுக்குப் போகாத அக்கா

என் அக்கா ஒரு தண்ணீர் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேனில் குடிதண்ணீர் அனுப்புகிற கம்பெனி. பின்னால் குடோன், முன்னால் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் காதில் ஹெட்போனோடு அக்கா. "சொல்லுங்க, எத்தனை கேன் வேணும்?" என்று அவள் கேட்கிற குரலுக்காகவே ஒரு கேன் கூடுதலாகச் சொன்னவர்கள் உண்டு. நேற்று சொன்ன கேன் இன்னும் வரவில்லை என்று எடுத்த எடுப்பில் கத்துகிறவர்கள், கடைசியில் தங்கள் மருமகளைப் பற்றி அவளிடம் புலம்பிவிட்டுப் போனை வைப்பார்கள். நானோ டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானா நீங்கள் என்று எங்களைக் கேட்காத ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பது தாண்டியதும் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்குப் போய், கையில் ஊசியைக் குத்திக்கொண்டு நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் ஆபத்து என்பதால் குடிப்பதற்கும் அளவு. நாளெல்லாம் ஊருக்குத் தண்ணீர் அனுப்புகிறவள், தன் தொண்டையை நனைக்கக் கணக்குப் பார்க்க வேண்டும். விதிக்கு நக்கல் ஜாஸ்தி. தாகம் தாங்க முடியாமல் போனால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

நானும் அத்தானும் எங்கள் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் போய் நின்றோம். எனக்குக் கல், அத்தானுக்குச் சர்க்கரை. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் உங்க உடம்பைப் பாத்துக்கிட்டாலே போதும்" என்று அனுப்பிவிட்டார். அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. இறந்துபோனவர்களின் குடும்பத்தார் மனசு வைத்துக் கொடுக்கிற சிறுநீரகத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை இருக்கிறது. அதில் அக்காவின் பெயரையும் சேர்த்தார்கள். எந்த நேரமும் போன் வரும், வந்தால் உடனே கிளம்பி வர வேண்டும் என்றார்கள். அக்காவின் ரத்த வகைக்குப் பொருந்துவது லேசில் கிடைக்காதாம். வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

தீவு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? டயாலிசிஸ் அறையில் சுவரில் ஒரு டிவி உண்டு. அதன் ரிமோட்டை யாரோ தொலைத்துவிட்டார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிற ஒரு சேனலிலேயே அது சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு விட்டது. புது ரிமோட் வாங்குங்கள் என்று நான் அங்கே போய் ஒரு முறை சண்டையே போட்டேன். அக்கா என்னை அடக்கினாள். "சும்மா இருடா. அதுல ஒரு தீவு வருது. நீ கத்துனா அதுவும் போயிடும்."

கரீபியன் கடலில் இருக்கிற ஒரு தீவு அது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற ஒரு அம்மாவைக் காட்டினார்களாம். தண்ணீர் அத்தனை தெளிவு. அந்த அம்மாவின் கால் விரலில் பூசியிருந்த நகப்பூச்சு கூடத் தெரிந்ததாம். அன்று வீட்டுக்கு வந்த அக்கா, அத்தானுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்:

"என்னங்க, தண்ணியக் குடிக்கத்தானே கூடாது? அதுல நிக்கலாம்ல?"

அத்தான் சிரித்துவிட்டுப் போகவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அத்தானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக, இருட்டுக் கிணறு மாதிரி இருக்கிற குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. குழிக்குள் இறங்குவதற்கு முன் கரண்ட்டை நிறுத்தி, அந்தப் பெட்டியில் தன் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். யார் பூட்டினாரோ அவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் இன்னொருத்தர் போட்ட பூட்டில் கை வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே ஒரு உயிர் போகும். அந்தப் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. அக்கா வெந்நீர் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால், அவள் வரும்வரை அதை இவர் போட மாட்டார். பல் கிட்டிக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு முணுமுணுப்பார். "போட்டா என்ன அத்தான், வெடிக்கவா போகுது?" என்று கேட்டால், "அவ எதுக்கு அணைச்சான்னு எனக்குத் தெரியுமா மச்சான்?" என்பார். இப்படி ஒரு மனுஷன்.

அவர் தீவுத் திட்டத்தைக் கையில் எடுத்தார். நான் முதலில் எகிறினேன். நோயாளியை உலகத்தின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போகிறாரே, புத்தி பிசகிவிட்டதா என்றெல்லாம் பேசினேன். பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அங்கயும் அந்த மெஷின் இருக்கு மச்சான். விசாரிச்சுட்டேன்" என்றார். தீவில் ஒரு சின்ன கிளினிக், அதில் மூன்று மெஷின். முன்கூட்டியே சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு நாற்காலி ஒதுக்குவார்களாம். பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். செய்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்செல்லாம் தீவுதான். புயல் வருகிற மாதங்களை அத்தான் தள்ளி வைத்தார். ஒரு டயாலிசிஸ் முடிந்து விமானம் ஏறினால், இரண்டு இடத்தில் மாறி, அடுத்த டயாலிசிஸுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். எந்த விமானம் தாமதமானாலும் தாங்குகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டார். இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தத் தீவில் விளைவதே அவை இரண்டும்தான் போலிருக்கிறது. "அங்க போய் நீ என்னத்தக்கா சாப்பிடுவ?" என்றேன். "கடலப் பாப்பேன்டா" என்றாள்.

கிளினிக்கில் பேசுகிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். போன் விவகாரமல்லவா. அந்தப் பக்கம் இருந்த பெண்மணியின் இங்கிலீஷ் பாட்டு மாதிரி ஓடும், பாதி எனக்குப் புரியாது. அக்காவுக்கு எல்லாம் புரிந்தது. பேச ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்த அம்மாவின் பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்குப் பரீட்சை என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தாள். அந்த அம்மா எல்லாரையும் டார்லிங் என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் அத்தான் எடுத்துவிட்டார். போனை வைத்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "என்னையும் டார்லிங்குது மச்சான்" என்று ரகசியம் போலச் சொன்னார். அக்கா சிரித்த சிரிப்பில் வாயில் அடக்கியிருந்த ஐஸ் துண்டு எகிறி விழுந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கும் அந்தத் தீவைப் பிடித்துப்போனது.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. வரிசை. நாட்டை விட்டுப் போகிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் திரும்பி வரும்வரை பெயரை நிறுத்தி வைப்பார்கள். அந்தச் சமயத்தில் சிறுநீரகம் ஏதாவது வந்தால், அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை அக்கா பல நாள் யோசித்தாள். முடிவை அத்தான் அவளிடமே விட்டுவிட்டார்.

"இத்தனை வருஷத்துல வராதது அந்த ரெண்டு வாரத்துலயா வந்துடப் போகுது?" என்று கடைசியில் அவளே முடிவு செய்தாள். நோயாளியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் அக்காவே பேசினாள். வரிசையைப் பார்த்துக்கொள்கிற பெண் இளம் வயசு, கலகலப்பானவள். போகிற தேதியையும் வருகிற தேதியையும் கேட்டுக்கொண்டு, "நீங்க வர்ற அன்னைக்கு நானே கூப்பிடுறேன் மேடம். அதுக்கு முன்னாடியே வந்துட்டா மட்டும் ஒரு போன் போட்டுடுங்க. கடலை நான் விசாரிச்சதா சொல்லுங்க" என்றாளாம்.

பெட்டி கட்டியாகிவிட்டது. கை மூடிய, முழங்கால் வரை வருகிற நீச்சல் உடை ஒன்றை அக்கா வாங்கியிருந்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை அது மறைக்கும். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "சர்க்கஸ்காரி மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாள். "இல்ல, தவளை மாதிரி இருக்க" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் தீவிலிருந்து போன் வந்தது. மூன்று மெஷினில் ஒன்று போய்விட்டதாம். உதிரிச் சாமான் வர மாதக் கணக்காகுமாம். அந்த ஊர் நோயாளிகளையே இரண்டு மெஷினில் அடைக்க முடியாமல் திண்டாடுகிறார்களாம். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அக்கா அவளைத் தேற்றினாள். அத்தான் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் வந்து ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு சொல்லு. மோட்டார்தானே? எல்லா மோட்டாரும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா சிரித்த முகத்தோடு பாத்ரூமுக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் அவள் அழுவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

அத்தான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போட்ட ஏற்பாடுகளை எல்லாம் அவரே ஒவ்வொன்றாகக் கழற்றினார். விமானம், தங்கும் அறை, இன்ஷூரன்ஸ், அக்காவின் ஆபீஸ் லீவு, இங்கே டயாலிசிஸ் சென்டரில் விட்டுக்கொடுத்திருந்த அவளுடைய நாற்காலி. பேப்பர்காரரை வரச்சொல்வது வரைக்கும் மறக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்த அக்கா கேட்டாள்: "எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சும்மா. நீ படு."

அக்கா படுத்தாள். ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைத்தது அக்கா. அவள் போட்ட பூட்டு. அதை அவள்தான் எடுப்பாள், எடுத்திருப்பாள் என்பது அத்தானின் கணக்கு. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. காலையிலிருந்து அத்தனை பேரையும் கூப்பிட்ட மனுஷன், இத்தனை கவனக்காரர், ஆஸ்பத்திரியையா விட்டிருப்பார் என்பது அக்காவின் கணக்கு. நான் இரண்டு பேருக்கும் நடுவில் சோபாவில் உட்கார்ந்து விமானக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வாரங்களும் வழக்கம் போலப் போயின. அக்கா ஆபீஸ் போனாள், டயாலிசிஸ் போனாள். போனை எப்போதும் போல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று அத்தான் எப்போதும் போல் பார்த்துக்கொண்டார்.

தீவிலிருந்து திரும்பியிருக்க வேண்டிய நாள் மத்தியானம். நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். போன் அடித்தது. ஆபீசில் ஹெட்போனில் பேசிப் பழகியவள், வீட்டில் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

"மேடம், வந்துட்டீங்களா? தீவு எப்படி இருந்துச்சு?" வரிசையைப் பார்க்கிற பெண்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல மெல்ல அது வெளுப்பதைப் பார்த்தேன். "நாங்க..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் விடவில்லை.

"உங்க பேரை இப்பவே திரும்ப வரிசையில சேர்த்துடுறேன் மேடம். ஒரு விஷயம்... இதெல்லாம் சொல்லக்கூடாது. ஆனா மனசு கேக்கல. போன வாரம் ஒண்ணு வந்துச்சு மேடம். உங்களுக்கு அப்படியே பொருந்துச்சு. உங்க பேருதான் முதல்ல இருந்துச்சு. நீங்க ஊர்ல இல்லாததால அடுத்தவங்களுக்குப் போயிடுச்சு. எனக்கு அன்னைக்குப் பூரா அழுகையா வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், போகட்டும், அவங்க ஒரு தடவையாவது சந்தோஷமா இருந்துட்டு வரட்டும்னு. சந்தோஷமா இருந்தீங்கல்ல மேடம்?"

நான் எழுந்துவிட்டேன். என் வாயில் என்ன வந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். ஊசித் தழும்பு நிறைந்த அந்தக் கையை என் பக்கம் நீட்டி, உட்காரு என்று காட்டினாள்.

"இருந்தேன்மா," என்றாள். "ரொம்ப சந்தோஷமா இருந்தேன்."

"கடல்ல இறங்கினீங்களா?"

"கழுத்து வரைக்கும். தண்ணி அப்படி ஒரு சுத்தம்மா. குனிஞ்சு பாத்தா என் கால் விரலெல்லாம் தெரியுது. மீன் வந்து காலைத் தொட்டுட்டுப் போகுது. தாகமே எடுக்கல தெரியுமா? அத்தனை நாளும் எனக்குத் தாகமே எடுக்கல." அவள் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாடையில் வழிந்து கொண்டிருந்தது. "அவர்தான் வெளிய வான்னு கத்திக்கிட்டே இருந்தாரு. நான் வரவே மாட்டேன்னுட்டேன்."

அந்தப் பக்கம் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "போதும் மேடம். இது போதும். அடுத்தது சீக்கிரம் வரும்" என்று வைத்தாள்.

நான் கத்தினேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கத்தினேன். அந்தப் பெண்ணை, கிளினிக்கை, மெஷினை, என்னை. கடைசியில் அத்தான் பெயரை எடுத்தபோது அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் காதுக்கு இது போகக் கூடாது. நானே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப அவருக்குத் தெரிஞ்சா அவர் தன் தலையிலதான் போட்டுப்பாரு. குழிக்குள்ள தொங்கி வேலை பாக்குற மனுஷன்டா. மனசு ஒரு நிமிஷம் தடுமாறினாப் போதும்." என் சட்டையை இன்னும் விடவில்லை. "நான் போறது போகட்டும். அவர் இருக்கணும். எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

சாயங்காலம் அத்தான் வந்தார். யாராவது போன் பண்ணினார்களா என்று வழக்கம் போலக் கேட்டார். "ஆபீஸ்லேருந்து" என்றாள் அக்கா. சில மாதம் கழித்து தீவுக்காரி கூப்பிட்டாள். மெஷின் சரியாகிவிட்டது, வா டார்லிங் என்றாள். அத்தான் மறுபடியும் மாதங்களைப் பார்க்க உட்கார்ந்தார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "இங்கயே இருப்போங்க. போன் வந்தா நாம இருக்கணும்ல?" கடலுக்கு ஆசைப்பட்டவள் அதற்குப் பிறகு பக்கத்து ஊருக்குக் கூடப் போகவில்லை.

போன் வரவில்லை. ஒரு வருஷம் இருந்தாள். ஒருநாள் மெஷினில் இருக்கும்போதே அவள் இதயம் நின்றுபோனது. எத்தனையோ முயன்றார்கள். அத்தான் அப்போது வெளியே பெஞ்சில் அவளுக்காக ஐஸ் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகு ஒருநாள் நானும் அத்தானும் அவள் மருந்துகளைத் திருப்பிக் கொடுக்கப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தோம். மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போவதாக இருந்தது. ஒரு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. தீவுக்குப் போகலைன்னு ஆச்சே, அன்னைக்கு நான் எல்லாருக்கும் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் பண்ணல. அவ நிறுத்தி வச்சது, அவதானே எடுக்கணும், அதான். அவ பண்ணினாள்ல? நீ அன்னைக்கு இங்கதானே இருந்த?"

அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. எனக்குப் பொய் வராது. வந்ததே இல்லை. எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைத்துத்தான் எனக்குப் பழக்கம். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

"பண்ணினா அத்தான்," என்றேன். "நீங்க அந்தப் பக்கம் பேசிக்கிட்டு இருக்கும்போதே பண்ணிட்டா. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அத்தான் தலையை ஆட்டினார். "அதானே. அவ மறப்பாளா? அப்ப நம்ம பக்கத்துல ஒரு குறையும் இல்ல மச்சான். நமக்குன்னு ஒண்ணு வரல, அவ்வளவுதான்."

"ஆமா அத்தான். வரல."